மாணவர் கையெழுத்து

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கோபம் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே என் கணவர் சோபாவை விட்டு எழுந்து, குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போய்விடுவார், அன்று குப்பை வண்டி வராத நாளாக இருந்தாலும் சரி. மகள் அப்படி எழுந்து போகமாட்டாள். இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் கொஞ்சம் கோபத்தைக் கிளப்பும்.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். இங்கே ஐந்தாம் வகுப்போடு சின்னப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு ஜூனியர் ஹை என்று வேறு கட்டடம், வேறு பஸ், பாடத்துக்கொரு டீச்சர். அதற்கு முன், பிப்ரவரி மாதத்தில், ஒரு மஞ்சள் தாள் வீட்டுக்கு வரும். நான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘அகாடமிக்’, சாதாரண வேகம். இன்னொன்று ‘அட்வான்ஸ்டு’. பக்கத்தில் வகுப்பு டீச்சர் தன் சிபாரிசைப் பொடி எழுத்தில் குறித்திருப்பார். அதை ஏற்கலாம், மாற்றலாம், பெற்றோர் இஷ்டம். கீழே விருப்பப் பாடத்துக்கு ஒரு வரி. அதற்கும் கீழே இரண்டு கோடுகள்: பெற்றோர் கையெழுத்து, மாணவர் கையெழுத்து. எல்லாமே ஆன்லைனுக்குப் போய்விட்ட ஊரில், இது மட்டும் என்னவோ இன்னும் காகிதமாகவே வந்தது.

மகள் அந்தத் தாளைப் பென்சிலால் நிரப்பி, சமையலறை மேடையில் என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஆங்கிலம் அட்வான்ஸ்டு. சோஷியல் அட்வான்ஸ்டு. கணக்கு அகாடமிக். சயின்ஸ் அகாடமிக். விருப்பப் பாடம் என்ற இடத்தில் பள்ளி வாத்தியக் குழுவான ‘பேண்ட்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘டிராம்போன்’ என்று போட்டிருந்தாள். அவள் கையெழுத்துக்கான கோடு மட்டும் காலியாக இருந்தது. நான் பார்த்த பிறகு போடலாம் என்று விட்டிருந்தாள் என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்குக் கண்ணில் பட்டது கணக்குக்கு எதிரே இருந்த அந்த ஒரு டிக் மட்டும்தான்.

“கணக்குக்கு ஏன் இதைப் போட்டே?” என்றேன்.

அவள் தமிழ் நன்றாகப் புரிந்துகொள்வாள், பதில் சொல்வது ஆங்கிலத்தில். இங்கே அவள் பேச்சு என்று நான் எழுதுவதில் பெரும்பாலும் என் தமிழ்தான். “அதுலதான் எனக்கு டைம் கிடைக்கும்,” என்றாள். “நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை செக் பண்ணுவேன். ஃபாஸ்டா போனா செக் பண்ண முடியாது.”

“ரெண்டு தடவை செக் பண்றதை வேகமாப் பண்ணிப் பழகு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் எங்கிருந்து வந்தவள் என்று சொன்னால்தான் இது புரியும். ஈரோட்டில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம், எங்கள் பள்ளிக்கூட ஆபீஸ் அறைக்குள் அப்பா போனார். நான் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, “ஃபர்ஸ்ட் குரூப் கெடச்சிருச்சு,” என்றார். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. அந்த நான்கும் சேர்ந்தால்தான் மனுஷி. மற்ற குரூப்பெல்லாம் மார்க் வராதவர்களுக்கு என்பது ஊர் எண்ணம். எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஃபர்ஸ்ட் குரூப் என்றுதான் சொல்லியிருப்பேன், வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அந்த குரூப்தான் என்னை இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்தது, விமானம் ஏற்றியது, ஒரு எண்ணெய் கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவில் உட்கார வைத்தது. நான் என்ன கெட்டா போய்விட்டேன் என்பதுதான் அந்த வாரம் முழுக்க என் வாதம்.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற எதிர்வீட்டு அக்கா இருந்தார். அவருடைய மகன் அப்போது ஹைஸ்கூலில் பதினோராம் வகுப்பு. சனிக்கிழமை காலை நடைக்குப் போகும்போது தாளைப் பற்றிச் சொன்னேன். நடையை நிறுத்தி நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

“ஏய், விளையாடுறியா? ஆறாங்கிளாஸ்ல அட்வான்ஸ்டு எடுத்தாத்தான் எட்டாங்கிளாஸ்ல அல்ஜிப்ரா. அப்பத்தான் ஹைஸ்கூல்ல கால்குலஸ். இப்ப ட்ராக்ல ஏறலேன்னா அப்புறம் ஏறவே முடியாது, பார்த்துக்கோ.”

“டீச்சரே அகாடமிக்னு எழுதியிருக்காங்கக்கா.”

“டீச்சர் எழுதுவாங்க. நீ மாத்திக் கொடு. இங்க நம்மாளுங்க எல்லாரும் மாத்தித்தான் கொடுக்கறோம். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்காதே.”

வீட்டுக்கு வந்து அதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தேன். அவர் சென்னைக்காரர், எதற்கும் பதறாதவர். பதறாதவரைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கான பதற்றத்தையும் நாமேதான் பட வேண்டும்.

“எதுக்கு இப்ப டென்ஷன் ஆவுற?” என்றார். “இந்த ஊர் ஃப்ரீவேல எக்சிட் மிஸ் பண்ணா என்ன ஆவுது? பக்கத்துல ஓடற ஃபீடர் ரோட்ல எறங்கி அடுத்த பாலத்துக்கு அடியில யூ-டர்ன் போட்டு வந்துடறோம். அஞ்சு நிமிஷம் லேட். அவ்ளோதான்.”

“அது ரோடு. இது வாழ்க்கை.”

“டிராம்போன் பத்தி உன்கிட்ட சொன்னாளா?”

“டிராம்போனும் வேணாம், ஒண்ணும் வேணாம். கோடிங் எடுக்கட்டும்.”

“அன்னிக்கு பேண்ட் டைரக்டர் அவகிட்ட என்ன சொன்னார் தெரியுமா…” என்று அவர் ஆரம்பித்தார். எனக்கு போனில் ஒரு அழைப்பு வந்தது. நான் கையைக் காட்டிவிட்டு எழுந்து போனேன். அந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கேட்க எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

தாளைத் திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் வியாழக்கிழமை. புதன்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கூடக் கழுவாமல், தாளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். மகளின் பென்சில் பெட்டி பக்கத்தில் இருந்தது. அதற்குள் டாக்கோ என்ற மெக்சிகோ மடிப்பு ரொட்டியின் வடிவத்தில் ஒரு ரப்பர், அவளுக்கு மிகவும் பிடித்தது. பாதி தேய்ந்து, டாக்கோவின் ஒரு முனை வழுக்கையாகியிருந்தது. அதை எடுத்துக் கணக்குக்கு எதிரே இருந்த டிக்கை அழித்தேன். சயின்ஸை அழித்தேன். டிராம்போனை அழித்தேன். அவள் பென்சிலை அழுத்தியே எழுதமாட்டாள், அதனால் சுலபமாகப் போய்விட்டது. நான்கிலும் அட்வான்ஸ்டு, விருப்பப் பாடம் கோடிங் என்று பேனாவால் எழுதினேன். பெற்றோர் கோட்டில் என் கையெழுத்தைப் போட்டேன்.

மிச்சம் இருந்தது மாணவர் கையெழுத்து.

அவள் வரும்வரை காத்திருக்கலாம். வந்தால் பேச வேண்டும். பேசினால் அவள் என் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துகொண்டு, மளிகைக் கடை ரசீதின் பின்பக்கத்தில் மகளின் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் தனக்கென்று ஒரு கையெழுத்தைக் கண்டுபிடித்திருந்தாள். பெயரின் கடைசி எழுத்தின் வாலை நீட்டி, நுனியில் ஒரு குட்டிப் பூ. நான்காவது முறை எனக்கு அச்சாக வந்துவிட்டது.

வரும்தான். எனக்குப் பழைய அனுபவம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலான ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுக் கொண்டுபோய், மாட்டிக்கொண்டு, இரண்டு அறை வாங்கியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் செய்த வேலைதான் அது. பிள்ளைகள் பெற்றோர் கையெழுத்தைப் போட்டுக்கொண்ட ஊரிலிருந்து வந்து, பிள்ளையின் கையெழுத்தைப் போட்ட முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

தாளை அவளிடம் கொடுத்தனுப்ப முடியாதே. மூன்று மணி மீட்டிங்குக்கு முன் நானே காரை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளி ஆபீஸில் கொடுத்தேன். முன்மேசையில் இருந்த அம்மாள், ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்ததற்கு என்னைப் பாராட்டினார். அன்று மாலை மகள் தாள் எங்கே என்று கேட்டாள். “கொடுத்தாச்சு,” என்றேன். “சைன் பண்ணலையே?” என்றாள். “பரவாயில்லைன்னுட்டாங்க,” என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அன்று அதைக்கூடச் செய்யவில்லை. ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

இரண்டு வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். பின் சீட்டில் ஏறி, பெல்ட் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது பேசினாள்.

“அம்மா, ஜூனியர் ஹையிலேருந்து கவுன்சலர் வந்தாங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு அவங்கவங்க ஷீட்டைக் காட்டினாங்க.”

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர் சொன்னது ஒண்ணு, ஷீட்ல இருக்கிறது வேற. இது உன் சாய்ஸா, இது நீ போட்ட சைன்தானான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமா, நான்தான் போட்டேன்னு சொன்னேன்.”

சிக்னல் பச்சையானது. எனக்கு பிரேக்கிலிருந்து காலை எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். அடுத்த கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டினேன்.

“ஏன்டா தங்கம் அப்படிச் சொன்னே?”

“உன்னைத் திட்டுவாங்கன்னு,” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, தப்பைத் திருத்துகிற குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள்: “என் பூவுக்கு அஞ்சு இதழ்தான் அம்மா. நீ ஆறு போட்டுட்ட.”

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. சாரி என்று சொல்லியிருப்பேன். அவள் “ஓகே” என்றாள். வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கிற அறைக்குள் போய், டிரையரை ஓடவிட்டு, அதன் சத்தத்தில் அழுதேன். பத்து வயதுப் பெண், தன் பெயரைத் திருடியவளை, பொய் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, பயிர் வேலிக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நான் அப்பாவின் கையெழுத்தைப் போட்டது திட்டுக்குப் பயந்து. இப்போது இவள் கையெழுத்தைப் போட்டதும் ஒரு பயத்தில்தான். நான் தைரியமானவள் என்று இத்தனை வருடம் எல்லோரையும் நம்ப வைத்திருந்தேன்.

கணவர் டிரையரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அன்னிக்கு நான் சொல்ல வந்தது இதான்,” என்று, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பள்ளியில் ஒரு மாலை, பிள்ளைகள் எல்லா வாத்தியங்களையும் வாயில் வைத்துப் பார்க்கலாம் என்று அழைத்திருந்தார்கள். எனக்கு ஆபீஸ் வேலை, அதனால் அவர்தான் கூட்டிப்போனார். புல்லாங்குழலுக்கும் சாக்ஸபோனுக்கும் நீண்ட வரிசை. டிராம்போன் மேசையில் யாருமே இல்லை. குழாயை முன்னும் பின்னும் தள்ளி இழுத்து வாசிக்கும் அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்துக்கு எதிரே, பேண்ட் டைரக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். இவள் போய் ஊதினாள். முதல் ஊதலிலேயே சுத்தமான ஒரு சுரம் வந்தது. ஆனால் குழாயைக் கடைசிவரை நீட்ட அவள் கை எட்டவில்லை.

“அதுக்கு அவர், ‘கை வளரும். அதுவரைக்கும் எட்டுற நோட்ஸை அழகா வாசி’ன்னார். வீடு வர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கினு வந்தா,” என்றார் கணவர்.

நான் டிரையரிலிருந்த துணிகளை மடித்தேன். சூடாக இருந்தன. அவளுடைய பள்ளிச் சட்டை ஒன்றை எடுத்துக் கையின் நீளத்தைப் பார்த்தேன். சின்னக் கைதான்.

திங்கட்கிழமை கவுன்சலரைப் பார்க்க நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். செவ்வாய் காலை எட்டரைக்கு வரச்சொன்னார், மகளையும் அழைத்துக்கொண்டு. கணவர் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம், செய்தவள் நான், நானே போகிறேன் என்றேன். காரில் மகள் கேட்டாள்: “நான் பொய் சொன்னேன்னு சொல்லப் போறியா?”

“நான் செஞ்சதைச் சொல்லப் போறேன்.”

“அப்ப நான் சொன்னதும் தெரிஞ்சுடுமே.”

“தெரியும். எனக்காகத்தான் சொன்னேன்னும் தெரியும்.”

அவள் பள்ளி வரும்வரை பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கவுன்சலர் பருத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ள வெள்ளைக்கார அம்மாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். மேசையில் ஒரு காபிக் கோப்பை நிறையப் பென்சில்கள். வாரக்கடைசி முழுவதும் நான் ஆங்கிலத்தில் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்கள், எங்கள் ஊர், எங்கள் பழக்கம், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றியெல்லாம் அழகாக ஆரம்பிக்கிறவை, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மொத்தமாக ஓடிவிட்டன. “ஐ சைன்ட் ஹெர் நேம்,” என்றேன். அவ்வளவுதான் வந்தது. பிறகு, “அவள் எழுதியதை நான்தான் அழித்தேன். உங்களிடம் அது தன் கையெழுத்து என்று அவள் சொன்னது என்னைக் காப்பாற்ற. தப்பு அவளுடையது இல்லை,” என்றேன்.

கவுன்சலர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது இரண்டும் சிவந்திருந்தன. அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு புது மஞ்சள் தாளை எடுத்து மகளுக்கு முன்னால் வைத்தார். பென்சில் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

மகள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். “டூ யூ ஹேவ் எ பென்?” என்று கேட்டாள்.

அந்த அறையில் அது யாருக்கும் ஒரு சாதாரணக் கேள்வி. எனக்கு மட்டும் அது எங்கே போய்த் தைத்தது என்று தெரியும். அவள் யாரையும் குத்திக்காட்டக் கேட்கவில்லை, அதுதான் வலித்தது. பென்சிலில் எழுதினால் அழிந்துபோகும் என்று கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நீலப் பேனாவால் நிரப்பினாள். ஆங்கிலம், சோஷியல், முன்பு போலவே. சயின்ஸ், முன்பு போலவே. கணக்குக்கு வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்துவிடக்கூடாதே என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரில் இருந்த தீயணைப்புப் பயிற்சி அட்டவணையைப் படித்தேன். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் என் கைகளை நான் அன்று நம்பவில்லை. பேனா நகரும் சத்தம் கேட்டது. அகாடமிக். வருட முடிவில் அவள் விரும்பினால் மேலே மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கோடையில் ஒரு வகுப்பு இருக்கிறது என்று கவுன்சலர் அவளிடம் சொன்னார். கணவர் சொன்ன யூ-டர்ன் உண்மையாகவே இருக்கிறது என்பதை மனதில் குறித்துக்கொண்டேன், அவரிடம் சொல்வதில்லை என்ற முடிவோடு.

கடைசியில் கையெழுத்து. வாலை நீட்டி, நுனியில் நிதானமாக ஐந்து இதழ்கள் போட்டாள். பிறகு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, “யுவர்ஸ், அம்மா. ஒன்லி யுவர்ஸ்,” என்றாள். கவுன்சலர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் என் பெயரை மட்டும் எழுதினேன்.

விஷயம் அங்கே முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆறாம் வகுப்பு தொடங்கியதும்தான் எனக்கு மெல்ல ஒன்று உறைத்தது. பள்ளியிலிருந்து வரும் தாள் எதுவும் என்னிடம் வரவில்லை. சுற்றுலாவுக்கான அனுமதித் தாள், பேண்ட் குழுச் சீருடைக்கான அளவுத் தாள், நூலக விதிகள், எல்லாம் நேராக அப்பாவிடம் போயின. அவர் ஆபீஸிலிருந்து ஏழு மணிக்கு வரும்வரை காத்திருந்து, ஷூவைக் கழற்றுவதற்குள் நீட்டுவாள். நான் அதே அறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். மற்றபடி எல்லாம் பழையபடிதான். என் தோளில் சாய்ந்து டிவி பார்ப்பாள், தலை பின்னிவிடச் சொல்வாள், தோசை முறுகலாக வேண்டும் என்பாள். தாள் மட்டும் கிடையாது.

“என் மேல இன்னும் கோபமா இருக்காளா?” என்று கணவரிடம் கேட்டேன்.

“கோபம்லாம் இல்லமா. ஜாக்கிரதையா இருக்கா,” என்றார்.

கோபம் என்றால் எனக்குத் தெரிந்த சரக்கு, சமாளித்திருப்பேன். ஜாக்கிரதையை என்ன செய்வது? காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு வராத வேலை அதுதான்.

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டார், கணக்கில் எந்த லெவல் என்று. “அகாடமிக்,” என்றேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

“கடைசியில விட்டுட்டியா?”

“விடலீங்கக்கா. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கேன்,” என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. அக்கா நல்லவர். தன் மகன் இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசைக்கே வருவதில்லை என்று, அடுத்த தெருமுனை திரும்புவதற்குள், தானாகவே சொன்னார். பிறகு இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தோம்.

டிராம்போன் வீட்டுக்கு வந்தது. முதல் மாதம் கராஜிலிருந்து எருமை கன்று போட்டது போல ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிடும். கணவர் அதை ஜுகல்பந்தி என்பார். ஒரு மாலை அவளுடைய இசைக்குறிப்புத் தாள் வைக்கும் ஸ்டாண்டின் திருகு கழன்றுவிட்டது. “அம்மா, இதைப் பிடிச்சுக்கிறியா?” என்று கூப்பிட்டாள். கார் எண்ணெய் வாடைக்கும் பழைய அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் அரை மணி நேரம், காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றேன். “சாயாம பிடி,” என்றாள். சாயாமல் பிடித்தேன். குழாய் முழு நீளத்துக்கு எட்டாத இடத்தில் தோளைக் கொஞ்சம் சாய்த்துச் சமாளித்தாள். கணக்கிலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள், இரண்டு முறை சரிபார்த்து, அவசரமில்லாமல். புரிந்ததா என்று நான் கேட்டால் புரிந்ததை எனக்கு விளக்கிக் காட்டுவாள். நான் ஃபர்ஸ்ட் குரூப்பில் மனப்பாடம் செய்து தாண்டி வந்த பின்னம், ஒரு மாலை அவள் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. அன்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடியும் பிப்ரவரி வந்தது. ஏழாம் வகுப்புக்கான தாள் இந்த வாரம் வரும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் அம்மாக்கள் பரபரத்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. அது அப்பாவிடம் போகும், கையெழுத்தாகும், திரும்பும், எனக்கு எவரும் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை, நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். காலையிலிருந்து அடுத்தடுத்து மீட்டிங், இரண்டரை மணிக்கு மேல்தான் காபி போட எழுந்து வந்தேன். சமையலறை மேடையில், என் கோப்பைக்குப் பக்கத்தில், ஒரு தாள். இந்த வருடம் வெளிர் பச்சை. காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆங்கிலம் அட்வான்ஸ்டு. சோஷியல் அட்வான்ஸ்டு. சயின்ஸ், நான் இரண்டாம் முறை பார்த்து உறுதிசெய்துகொண்டேன், அட்வான்ஸ்டு. பேண்ட், டிராம்போன். கணக்குக்கு எதிரே மட்டும் இரண்டு கட்டங்களும் காலி. அந்த இடத்தில் ஒரு குட்டி மஞ்சள் சீட்டு ஒட்டி, இதைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும், நீ என்ன நினைக்கிறாய் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மாணவர் கையெழுத்துக் கோடு காலியாக இருந்தது.

எல்லாவற்றையும் பென்சிலில் எழுதியிருந்தாள். எப்போதும் போல அழுத்தாமல். தாள் காற்றில் பறந்துவிடாமலிருக்க, அதன் மேல் அந்த டாக்கோ ரப்பரை வைத்திருந்தாள்.

நான் அதைத் தொடவில்லை. காபியும் போடவில்லை. பஸ் நான்கு பத்துக்குத்தான் வரும். மணி மூன்றுகூட ஆகவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் தெருமுனைக்குப் போய் நின்றேன்.